மணிக்கட்டுக் கணினி: ரூபியூட்டரா, ஃபாசிலா?

ஆப்பிள் வாட்ச் வருவதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1998இல், ஜப்பானின் செய்கோ இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ரூபியூட்டர் என்ற கைக்கடிகாரக் கணினியை விற்கத் தொடங்கியது. 16 பிட் செயலி, 128 கேபி நினைவகம், 102×64 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. தொடுதிரை கிடையாது. குட்டி ஜாய்ஸ்டிக்கை அசைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பெயரைப் பதிவதற்குள் பொறுமை போய்விடும்! பட்டன் பேட்டரிகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் இதையே ‘ஆன்ஹேண்ட் பிசி’ என்று மட்சுகாம் விற்றது. அங்கும் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் சி என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் இதற்குச் சொந்தமாக நிரல் எழுத முடிந்தது.

ஃபாசில் நிறுவனத்தின் ரிஸ்ட் பிடிஏ (பிடிஏ என்றால் கையடக்கக் கணினி) வேறு ரகம். அக்காலக் கையடக்கக் கணினிகளில் ஓடிய பாம் இயங்குதளம், 8 எம்பி நினைவகம், 160×160 தொடுதிரை. வாரின் கொக்கியிலேயே எழுதுகோல். ஏற்கெனவே இருந்த பாம் மென்பொருள்கள் பலவும் ஓடின. காகிதத்தில் இதுதான் கெட்டிக்காரன். சரி, எங்கே சறுக்கியது? 2002இல் அறிவித்தார்கள், கடைக்கு வந்ததோ 2005இல். அதற்குள் அதே பாம் இயங்குதளம் ட்ரியோ கைபேசியில், பெரிய திரையோடு, பேசும் வசதியோடு வந்துவிட்டது. கனமான கடிகாரத்தை யார் வாங்குவார்கள்? அந்த ஆண்டே தயாரிப்பை நிறுத்தினார்கள்.

அன்றாட உபயோகத்துக்கு ஃபாசில்தான். நோண்டிப் பார்க்க ஒன்று கொடுத்தால், நான் ரூபியூட்டரைத்தான் எடுப்பேன்.