கியோகுரோவா, டிகுவான்யினா?

கிரீன் டீயில் கீரை வாடை அடிக்கிறதே என்று முகம் சுளிப்பவரிடம் ஜப்பானின் கியோகுரோ கிரீன் டீயை நீட்டாதீர்கள். பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடிகளுக்குப் பந்தல் போட்டு நிழலில் வைக்கிறார்கள். வெயில் குறைவதால் இலையில் உள்ள தியானின் என்ற அமினோ அமிலம் துவர்ப்பாக மாறாமல் தங்கிவிடுகிறது. கூடவே டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாசனைச் சேர்மமும் சேர்ந்து கடற்பாசி மணம். பறித்ததும் ஆவி காட்டுவதால் அந்தப் பச்சை அப்படியே நிற்கிறது. 50, 60 டிகிரி நீரில் இரண்டு நிமிடம் ஊறிய முதல் வடிப்பு, பசலைக்கீரை வேகவைத்த தண்ணீரில் உப்புக்கல் போட்டதுபோல் நாக்கில் கெட்டியாக ஒட்டும். தேநீர் என்பதைவிட சூப் என்றே சொல்லலாம். கொதிநீர் ஊற்றினால் கசந்து போச்சு!

சீனாவின் ஆன்ஷியில் விளையும் டிகுவான்யின் ஓர் ஊலாங், அதாவது கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்ட வகை. அதற்கு கொதிநீர்தான் சரி. லேசாக மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்த பச்சை ரகத்தைச் சொல்கிறேன். சுருட்டிய இலை உருண்டைகள் மெல்ல விரிந்து முழு இலையாகும். மூடியை முகர்ந்தால் ஆர்க்கிட் பூ. குடித்தால் அடியில் வெந்த பச்சைப்பட்டாணி.

புதிதாக வருபவர் டிகுவான்யினில் தொடங்கட்டும். என் ஓட்டு கியோகுரோவுக்கே. வடித்த இலையில் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு அதையும் சாப்பிட்டுவிடலாம்.