150 ஏஹெச் பேட்டரிக்கு 10 ஆம்பியரா, 15 ஆம்பியரா, 25 ஆம்பியரா?

இன்வெர்ட்டர் வாங்கும்போது எத்தனை விஏ, அதாவது எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்கிறோம். எத்தனை ஆம்பியரில் சார்ஜ் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. பேட்டரியின் ஆயுளில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி பாதி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தது 75 ஏஹெச். ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 90 ஏஹெச் திருப்பி ஏற்ற வேண்டும்.

10 ஆம்பியர் சார்ஜருக்கு இதற்கு 11, 12 மணி நேரம் பிடிக்கும். கரண்ட் எப்போதாவது போகும் வீட்டுக்கு இது தாராளம். தினமும் பலமுறை போகிற ஊரில் பேட்டரி ஒருநாளும் நிறையாது. தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் 1.240 வாக்கில் நிற்க வேண்டிய செல் 1.200-ஐத் தாண்டாது. அந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பழைய பேக்கப்பைத் தருவதில்லை.

15 ஆம்பியர் என்பது ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு. எட்டு மணி நேரத்தில், அதாவது ஒரே இரவில், நிறைந்துவிடும். 150 ஏஹெச்சுக்கு என் தேர்வு இதுதான். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 10, 15 மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. பெரும்பாலும் 10-லேயே விட்டுவிடுகிறார்கள்.

25 ஆம்பியர் போட்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. வோல்டேஜ் 14.4-ஐத் தொட்டதும் பேட்டரியே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதம் எந்த சார்ஜரிலும் மெதுவாகத்தான் ஏறும். மிச்சமாவது ஓரிரு மணி நேரம். அதற்கு விலையாக பேட்டரி சூடாகும், செல்கள் குமிழ்விட்டுக் கொதிக்கும், டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் இறங்கும். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் இன்னும் மோசம்.

இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். சீரிஸில் 24 வோல்ட்டாக இணைத்தால் ஏஹெச் மாறாது, 15 ஆம்பியரே போதும். பேரலலில் 300 ஏஹெச் ஆகிவிடும், 30 ஆம்பியர் தேவை.

சார்ஜரை மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜ் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது சார்ஜர் முனையில் 14.4, பேட்டரி டெர்மினலில் 13.9 என்று காட்டினால் குறை ஆம்பியரில் இல்லை. மெல்லிய வயரோ, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த டெர்மினலோதான் வோல்ட்டைத் தின்கிறது. இன்வெர்ட்டரை அணைத்து, கனெக்ஷனைக் கழற்றி, வெந்நீரும் சோடா உப்பும் விட்டுத் தேயுங்கள். கரைசல் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். காய்ந்த பின் முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.