ஆறு கண்காட்சிப் பலகைகள்: தோட்டப்பாளையத்து அச்சுக்கடை ஒன்றின் வேலை

குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊர் நூலகத்து வாசகர் வட்டம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையினர் தாங்கள் பிடித்து வைத்திருந்த நாடுகளின் கிராமங்களைப் பழிவாங்கிய வரலாற்றைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைத்தது. மூன்றுக்கு இரண்டு அடி அளவில் ஆறு சன்போர்டு பலகைகளை வேலூர் தோட்டப்பாளையத்தில் ஓர் அச்சுக்கடையில் செய்யக் கொடுத்தோம். கல்யாண ஃபிளெக்ஸும் காதுகுத்து பேனரும் அடித்துப் பழகிய கடை என்பதால் எனக்குத் தயக்கம் இருந்தது. அதில் பாதி தேவையற்றது என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாளே டிடிபி பார்க்கும் பெண் தொலைபேசியில் அழைத்தார். "சார், மூணு போர்டுல ஜூன் 10னே வருது. டைப் அடிக்கும்போது மாறிடுச்சா? இல்ல, நம்ம கோட்டை மாதிரி ஜூலை 10ஆ?" வேலூர்க்காரர்களுக்குப் பத்தாம் தேதி என்றால் 1806ஆம் ஆண்டு ஜூலையில் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் தேதிகள் சரியானவையே. நாஜித் தலைவர் ஹைட்ரிஹ் பிராகில் தாக்கப்பட்டு இறந்ததற்குப் பழியாக, 1942 ஜூன் 10 அன்று செக் நாட்டின் லிடிட்சே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள், பெண்களை ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், குழந்தைகளில் 82 பேர் நச்சுவாயுவுக்கு இரையானார்கள், வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. அந்தத் தாக்குதலுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருந்ததாக யாரும் நிறுவவில்லை. ஈராண்டு கழித்து அதே ஜூன் 10 அன்று பிரான்சின் ஒராதூரில் ஆண்களைக் களஞ்சியங்களிலும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்திலும் அடைத்து, 640 பேருக்கு மேல் கொன்றார்கள். கிரேக்கத்தின் திஸ்டோமோவில் 218 பேர் மாண்டதும் அன்றுதான். மூன்றும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல். எத்தனையோ முறை எழுதியும் என் கண்ணில் படாத அந்த ஒற்றுமை அந்தப் பெண் கேட்ட பிறகே எனக்கு உறைத்ததால், அதை முதல் பலகையில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

இரண்டாவது புரூஃபில்தான் சிக்கல். பெலாரஸில் 1943 மார்ச் 22 அன்று 75 குழந்தைகள் உட்பட 149 பேர் கொல்லப்பட்ட ஹாத்தின் கிராமத்துக்கு நாங்கள் கொடுத்த படம் தெளிவாக இல்லையென்று, கடையில் இணையத்திலிருந்து வேறு படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது காத்தின் காட்டின் நினைவுச்சின்னம். 1940இல் சோவியத் காவல்துறை போலந்து அதிகாரிகளைக் கொன்று புதைத்த இடம் அது. கொன்றவர்களும் வேறு, கொல்லப்பட்டவர்களும் வேறு. குற்றம் முழுவதும் கடையுடையது என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் எங்கள் கையெழுத்துப் படியிலேயே ஊர்ப் பெயரைக் 'காத்தின்' என்றுதான் எழுதியிருந்தோம். படத்தை மாற்றிக் கொடுத்தார்கள். கிரேக்கத்தில் இதேபோல் பழிவாங்கப்பட்ட கலாவ்ரிதா ஊரின் பலகையில், படுகொலை நேரத்தைக் குறிக்க 2:34 மணியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் தேவாலயக் கடிகாரத்தின் பாதி முகத்தை வெட்டியிருந்தார்கள், அதையும் திருத்திக் கொடுத்தார்கள்.

ஒராதூர் பலகையின் பின்னணியில் தீ நாக்குகளை வடிவமைப்பாளர் தாமாகவே சேர்த்திருந்தார். வேண்டாமென்றேன். அந்த ஊரின் இடிபாடுகளைப் பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். கூரையில்லாத வீடுகளில் துருப்பிடித்த தையல் இயந்திரங்கள் இன்றும் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒரு படத்தை வெறும் வெள்ளைப் பின்னணியில் வைக்கச் சொன்னோம். கருப்பு வெள்ளைப் படம் முதல் அச்சில் ஊதாச் சாயல் அடித்தது; காசு கேட்காமல் மறுபடி அடித்தார்கள். மேட் லேமினேஷன் போட்டதால் டியூப்லைட் வெளிச்சத்திலும் கண் கூசாமல் படிக்க முடிந்தது. திறப்பு நாளன்று ஓர் ஆயா அந்தப் பலகையின் முன் வெகுநேரம் நின்றார். சக்கரத்தை விரலால் தொட்டு, "எங்கூட்டு மிஷின் மாதிரியே கீதே" என்றார். அதற்குமேல் அவர் எதையும் படிக்கவில்லை.

ஆறாவது பலகை சட்டம் பற்றியது. போர்முறை பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 50ஆம் பிரிவு, சிலர் செய்ததற்காக ஊர் முழுவதையும் தண்டிக்கக் கூடாதென்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 33ஆம் பிரிவில் பழிவாங்கலை வெளிப்படையாகவே தடைசெய்தது. எழுத்தே நிறைந்த இந்தப் பலகையில் எழுத்துரு சிறியதாகிவிட்டது, வயதானவர்கள் சிரமப்பட்டார்கள். நாங்கள் இரண்டு பத்தியைக் குறைத்திருக்க வேண்டும்.

சதுர அடிக்கு 90 ரூபாய் வாங்கினார்கள். வேலைக்குத் தகுந்த விலைதான். கட்டித் தருவதில்தான் குறை: வெறும் செய்தித்தாளைச் சுற்றித் தந்தார்கள், குடியாத்தம் பேருந்தில் இரண்டு பலகைகளின் முனைகள் மடங்கிவிட்டன. போகிறவர்கள் பழைய போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு போவது நல்லது.