ஹை கார்டா, ஷோல்டர் ரோலா: பல வருட ஸ்பாரிங்கில் என் உடம்புக்குச் சரிப்பட்டது

முதலில் என் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்குப் பொருந்துமா என்று கணிக்க முடியாது. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 70 கிலோவை ஒட்டி, கை நீளம் குறைவு, வலதுகைப் பழக்கம், மைனஸ் இரண்டரை பவரில் கண்ணாடி. முப்பது வயதைத் தாண்டித்தான் வட சென்னையில் ஒரு சின்ன ஜிம்மில் பாக்சிங் சேர்ந்தேன். போட்டிகளுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் வாராவாரம் ஸ்பாரிங் (பயிற்சிக்காக இருவர் மோதிப் பார்ப்பது) உண்டு, எதிரில் நிற்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள், கை நீளமானவர்கள். அதனால் எப்படி அடிப்பது என்பதைவிட எப்படி அடி வாங்காமல் இருப்பது என்பதில்தான் என் கவனம் எல்லாம்.

இத்தனை வருடத்தில் கிட்டத்தட்ட எல்லா கார்டையும், அதாவது அடியைத் தடுக்கக் கைகளை வைத்துக்கொள்ளும் முறைகளை, போட்டுப் பார்த்தாகிவிட்டது. எதுவும் எல்லா அடியையும் தடுக்காது. ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கும். ஆக, எந்த அடி விழுந்தாலும் பரவாயில்லை, எது விழவே கூடாது என்பதை முடிவு செய்துவிட்டால் கார்டு பாதி முடிவாகிவிடும். எனக்கு அதை முடிவு செய்து கொடுத்தது ஒரு ஈரல் அடி.

அதற்கு முன்னால் கால். எங்கள் மாஸ்டர் ஆரம்பத்தில் கையைப் பற்றிப் பேசவே மாட்டார். "காலு சரியா நிக்கட்டும் தம்பி, கை தானா வந்து உக்காரும்" என்பார். இடது கால் முன்னால், பாதம் லேசாக உள்பக்கம் திரும்பி. வலது குதிகால் தரையில் படாமல். முழங்கால் இரண்டும் கொஞ்சம் மடங்கி. கால்கள் ஒரே கோட்டில் நின்றால் எதிராளிக்கு நம் உடம்பு ஒல்லியாகத் தெரியும், நல்லதுதான். ஆனால் பக்கவாட்டில் ஒரு ஹூக் (முழங்கையை மடக்கிச் சுற்றி அடிப்பது) விழுந்தால் தள்ளாடுவோம், நம் வலது கையும் போய்ச் சேராது. நெஞ்சைக் காட்டி நேராக நின்றால் இரண்டு கையும் வேகமாகப் போகும், வயிறு திறந்து கிடக்கும். கல்லீரல் வலப்பக்கம், விலாவின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. இப்படி இடது காலை முன்னால் வைக்கும் ஆர்த்தடாக்ஸ் நிலையில் அது பின்பக்கம் போய்விடுவது நமக்கு ஒரு வசதி. வலது காலை முன்னால் வைத்து சவுத்பாவாக நிற்பவருக்கு அது எதிராளியின் பக்கம் வந்துவிடும்.

என் ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை) அப்போது ரொம்ப நேராக இருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் இடது ஹூக்கை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இறக்கினான். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பரவாயில்லையே என்று ஜாப் (முன் கையால் போடும் நேர்குத்து) போடப் போனேன். கை பாதி வழியில் இருக்கும்போதே முழங்கால் தரையில் இருந்தது. மூளை தெளிவாக வேலை செய்கிறது, எழுந்திரு என்கிறது, உடம்பு கேட்கவில்லை, மூச்சு உள்ளே போகவில்லை. 2004 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் வீழ்த்தியதும் இதே அடியில்தான். அவ்வளவு பெரிய ஆள் கேன்வாஸில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது, நடிக்கிறாரோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அன்றைக்கு முடிவானது: வலது முழங்கை விலாவை விட்டு நகரக் கூடாது. நெற்றியில் ஜாப் விழட்டும், தோளில் விழட்டும், அங்கே மட்டும் விழக் கூடாது.

இனி கார்டு. அதிக காலம் நான் பயன்படுத்தியது ஹை கார்டு. இரண்டு கையும் புருவ உயரத்தில், முழங்கைகள் உள்ளே. பார்க்க எளிது, செய்ய எளிது இல்லை. ஹூக் வரும்போது போனைக் காதில் வைப்பது போல கிளவுஸைத் தலையோடு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால், எதிராளி அடிப்பது நம் கிளவுஸை, நம் கிளவுஸ் அடிப்பது நம் முகத்தை. என் மூக்கில் ரத்தம் வந்ததில் பாதி என் கிளவுஸாலேயே வந்தது. இன்னொரு தொல்லை பார்வை. கன்னத் தடுப்பு உள்ள ஹெட்கார்டு மாட்டி, அதன் முன்னால் இரண்டு கிளவுஸையும் வைத்தால் எதிராளியின் நெஞ்சும் தொடையும்தான் தெரியும். சென்னை வியர்வையில் ஹெட்கார்டு வேறு வழுக்கிக் கீழே இறங்கும். நடுவில் ஏறிவரும் அப்பர்கட் தாடையில் பட்ட பிறகுதான் தெரியும்.

ஆனால் என் மாதிரி கிட்டப்பார்வைக்காரனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்பவனுக்கு நாலடி தள்ளி நிற்பவரின் தோள் அசைவு மங்கல்தான். ஹை கார்டு போட்டு உள்ளே புகுந்துவிட்டால் பார்க்க வேண்டிய தேவையே குறைவு. அவர் கை என் முன்கையில் உரசுவதிலேயே அடுத்த அடி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஹை கார்டைப் பாராட்டுகிறவர்கள் கிளவுஸ் அளவைச் சொல்வதில்லை. ஸ்பாரிங்கில் நாம் போடுவது 16 அவுன்ஸ். அதற்குப் பின்னால் முகம் முழுக்க ஒளிந்துவிடும். அமெச்சூர் போட்டியில் ஆண்களுக்கு எடைப் பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12, தொழில்முறையில் 8 அல்லது 10. ஒருமுறை 10 அவுன்ஸ் மாட்டிக்கொண்டு லேசாக ஆடிப் பார்த்தோம். 16 அவுன்ஸில் கிளவுஸிலேயே நின்றுபோகும் அதே அடிகள் சந்து வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தன. போட்டிக்குத் தயாராகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெரிய ஆபத்து, இந்த கார்டு நம்மைச் சோம்பேறி ஆக்கிவிடும். உள்ளே பாதுகாப்பாக இருக்கிறதே என்று அப்படியே நின்றுவிடுவோம். 2010 மார்ச்சில் மேனி பாக்கியாவோவிடம் ஜோஷுவா க்ளாட்டி ஆடியதைப் பாருங்கள். பன்னிரண்டு ரவுண்டும் கார்டை இறுக்கிப் பிடித்தார், விழவில்லை, ஆனால் அதிகம் அடிக்கவும் இல்லை. தீர்ப்பு மொத்தமாகப் பாக்கியாவோவுக்கு. அமெச்சூர் விதிகளில் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சும்மா நிற்பது ஃபவுலாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதே கார்டை சரியாகப் பயன்படுத்தியவர் விங்கி ரைட். 2004இல் ஷேன் மோஸ்லியை இரண்டு முறை, அடுத்த வருடம் ஃபெலிக்ஸ் டிரினிடாடை, எல்லாம் அந்த உயர்ந்த கைகளுக்குப் பின்னாலிருந்து வந்த ஜாபால் தோற்கடித்தார். எங்கள் மாஸ்டர் இதை ஒரே வரியில் கத்துவார்: "தடுத்த கையே அடிக்கணும்!" இடது பக்கம் ஹூக்கைத் தடுத்தால் உடனே இடது ஹூக். இது பழகிய பிறகுதான் ஹை கார்டு எனக்குப் பயன்பட ஆரம்பித்தது.

ஷோல்டர் ரோல் பற்றி எழுதாவிட்டால் ஜிம்மில் இருக்கும் தம்பிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஃபிலி ஷெல் என்றும் சொல்வார்கள். முன் கை வயிற்றின் குறுக்கே, பின் கை கன்னத்தருகே, தாடை இடது தோளுக்குப் பின்னால், எடை பின்காலில். வலது கை வந்தால் தோளைத் திருப்பி வழுக்கிவிட்டு, நம் வலது கையை உடனே கொடுக்கலாம். ஜார்ஜ் பென்டன், ஜேம்ஸ் டோனி, அப்புறம் 50 ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்காத ஃப்ளாய்ட் மேவெதர். போனில் அவருடைய துண்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு மறுநாளே கையைக் கீழே போட்டு வந்து நிற்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் பாக்சர்களாக இருந்த வீட்டில் வளர்ந்தவர் மேவெதர். நாம் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போனவர்கள்.

நானும் நீண்ட காலம் இதைப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சரியாக வரும் நாளில் இதைப் போல சுகமான தடுப்பு கிடையாது. முழு பலத்தோடு வந்த கை தோளில் உரசிக்கொண்டு பின்னால் போகும், எதிராளி தானாகவே நம் வலது கைக்கு முன்னால் வந்து நிற்பார். ஆனால் எதிராளியின் தோளையும் மார்பையும் பார்த்து முன்கூட்டியே படிக்க வேண்டும். என் கண்ணுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஒரு கணம் தாமதித்தால் வலது கை தோளுக்கு மேலே வந்து நெற்றிப்பொட்டில் விழும். மேவெதருக்கே 2010இல் இரண்டாவது ரவுண்டில் மோஸ்லியின் வலது கை விழுந்து கால் ஆடியது. கூடவே கீழ்முதுகு வலி. சவுத்பா எதிரில் வந்தால் இன்னும் மோசம்: அவருடைய இடது நேர்குத்து நம் தோள் மறைக்காத பக்கமாக வரும். அந்த கார்டில் இன்றைக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: ஜாப் போடும்போது தாடையைத் தோளுக்குள் புதைப்பது.

பீக்-அ-பூவை மாஸ்டரே பரிந்துரைத்தார், குள்ளமானவர்களுக்கு ஏற்றது என்று. பயிற்சியாளர் கஸ் டி'அமாடோ வளர்த்தெடுத்த முறை. ஃப்ளாய்ட் பேட்டர்சன் 1956இல் 21 வயதிலும், மைக் டைசன் 1986இல் 20 வயதிலும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனது இதில்தான். கைகள் கன்னத்தோடு, ஸ்டான்ஸ் கொஞ்சம் நேராக, தலை ஒரு இடத்தில் நிற்கவே கூடாது. அந்த வயதுகளைக் கவனியுங்கள். எனக்கு ஒரு ரவுண்டு அற்புதமாக இருந்தது. இரண்டாவது ரவுண்டில் தொடை எரிந்து தலை நின்றுவிட்டது. தலை நின்றால் அது வெறும் ஹை கார்டுதான், நேராக நிற்பதால் ஈரலும் திறந்திருக்கும். மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன். இருபது வயதில் முழங்கால் நன்றாக இருந்தால் தாராளமாக முயலுங்கள்.

முன் கையை நீட்டி வைத்திருக்கும் லாங் கார்டு நீளக் கைக்காரர்களுக்கானது. எனக்கு அதில் சொல்ல அதிகமில்லை. அமெச்சூரில் கையை நீட்டியபடியே எதிராளியின் பார்வையை மறைத்தால் ரெஃப்ரி எச்சரிப்பார். கையைத் தொங்கவிட்டு ஆடுவது முகமது அலிக்கும் ராய் ஜோன்ஸுக்கும் உரியது. ஜோன்ஸும் 2004இல், 35 வயதில், ஆன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார்.

நான் எதிர்பார்க்காமல் பிடித்துப்போனது கிராஸ் ஆர்ம். ஆர்ச்சி மூர் ஆடியது, ஜார்ஜ் ஃபோர்மேன் 1994இல் 45 வயதில் மறுபடி சாம்பியன் ஆனபோது கையில் வைத்திருந்தது. ஒரு முன்கை முகத்துக்கு முன்னால் குறுக்கே, இன்னொன்று வயிற்றுக்குக் குறுக்கே. இதிலிருந்து வேகமாக எதுவும் அடிக்க முடியாது என்பது குறைதான். ஆனால் ரோப்பில் மாட்டிக்கொண்டு ஐந்தாறு அடி வரிசையாக வரும்போது, மூச்சு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஜிம்மில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது நிரந்தரமாக வைத்திருப்பது ஒரு கலவை. ஆர்த்தடாக்ஸ், தோள் அகலத்தைவிட அரைப்பாதம் கூடுதலான இடைவெளி, உடம்பு லேசாகப் பக்கவாட்டில். வலது கை கன்னத்தில், வலது முழங்கை விலாவில். இடது கை மட்டும் ஹை கார்டில் இருப்பதைவிட ஒரு சாண் முன்னால், கண் மட்டத்துக்குக் கீழே. அதனால் கொஞ்சம் பார்வை கிடைக்கிறது, எதிராளியின் ஜாபைப் பாதி வழியிலேயே தட்டிவிட முடிகிறது. விலையாக, என் இடது காது திறந்திருக்கிறது. வலது ஹூக் அங்கே விழும். அது சுற்றி வருவதால் பெரும்பாலும் பார்த்துவிடுகிறேன்.

சவுத்பாக்களிடம் மட்டும் இது இன்னும் சரியாகவில்லை. முன்கால்கள் மோதுகின்றன, முன்கைகள் மோதுகின்றன, அவருடைய இடது கை என் கைகளுக்கு நடுவில் நேராக வருகிறது. என் இடது காலை அவருடைய வலது காலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறார் மாஸ்டர். கால் போகிறது, ஆனால் போகும்போது வலது கை கன்னத்தை விட்டு இறங்குகிறது. இந்த மாதம் முழுக்கக் கண்ணாடி முன்னால் ஷேடோ பாக்சிங்கில் அந்த ஒரு அடி எடுத்து வைப்பதை மட்டும், வலது கிளவுஸுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சுருட்டிய கைக்குட்டையைச் செருகிக்கொண்டு பழகுகிறேன். மூன்றாவது ரவுண்டு வரை கைக்குட்டை கீழே விழாமல் இருந்தால் அந்தக் கல்லூரிப் பையனின் தம்பியோடு ஸ்பாரிங் போடலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அவன் சவுத்பா.