பல்ஸ் அலைக்கு எது தேவலை: பாலிபிளெப்பா, வேவ்டேபிளா?

டிஜிட்டல் சிந்தசைசரில் மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் மாறி மாறித் தாவும் பல்ஸ் அலையை எழுதுவது பார்வைக்கு ஒரு வரி வேலைதான். ஃபேஸ் (ஒரு சுற்றில் எங்கே நிற்கிறோம் என்ற எண்) 0-லிருந்து 1 வரை ஓடும். அது அகலத்தைவிட (சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு) குறைவாக இருக்கும்வரை +1, தாண்டினால் −1. இதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி) 44,100, சுரம் 1,000 ஹெர்ட்ஸ், அகலம் 50%. 45-ஆவது ஹார்மோனிக் (சுரத்தின் 45 மடங்கு அதிர்வெண்) 45,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். சாம்பிள் ரேட்டில் பாதிக்கு (நைக்விஸ்ட் எல்லை) மேல் இடமில்லை, அதனால் மடங்கி 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். 43-ஆவது 1,100-இல். இரண்டும் அடிப்படைச் சுரத்தைவிட சுமார் 33 டெசிபல்தான் கீழே. பிட்ச் பெண்ட் செய்தால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். இப்படி மடங்கி வரும் அலியாஸிங் என்றால் என்ன என்று காதுக்குப் புரிய இதைவிட நல்ல வழி கிடையாது.

8 மடங்கு ஓவர்சாம்பிளிங் (உயர்ந்த ரேட்டில் கணக்கிட்டுப் பிறகு இறக்குவது) போட்டால் போதாதா என்று கேட்பார்கள். பல்ஸின் ஹார்மோனிக்குகள் ஆக்டேவுக்கு (அதிர்வெண் ஒருமுறை இரட்டிப்பாவதற்கு) 6 டெசிபல் மட்டுமே குறைகின்றன. ஆகவே ரேட்டை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கிடைப்பது ஏறக்குறைய 6 டெசிபல். 8 மடங்கு உழைப்புக்கு 18. கட்டுப்படியாகாது. 1996-இல் ஸ்டில்சனும் ஸ்மித்தும் முன்வைத்த பிளிட் முறையில் (துடிப்புகளை மடங்காமல் உருவாக்கி, அவற்றைக் கூட்டிக்கொண்டே போய் அலையாக்குவது) அகலத்தை அசைத்தால் அந்தக் கூட்டும் பகுதியான இன்டக்ரேட்டரில் டி.சி. (அலையின் சராசரி பூஜ்யத்திலிருந்து விலகும் அளவு) சேர்ந்துவிடும். அதை வடிக்கக் கசிவு வைத்தால் தாழ்ந்த சுரங்களில் பல்ஸின் தட்டையான தலை சரியும். அகலம் அசையாத சதுர அலைக்கு அது பரவாயில்லை.

மிஞ்சுவது இரண்டு: முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அலையைப் படிக்கும் வேவ்டேபிள், விளிம்புக்கு அருகே மட்டும் சிறு திருத்தம் சேர்க்கும் பாலிபிளெப். தீர்ப்பை எழுதுவது ஒரே விஷயம்: அகலம் நகரும்போது அலை தாவும் விளிம்பும் கூடவே நகர்கிறதா?

வேவ்டேபிளில் பலர் செய்வது, ஒவ்வோர் அகலத்துக்கும் ஒரு டேபிள். 2,048 புள்ளி, 10 ஆக்டேவ், 4 பைட் என்றால் ஓர் அகலத்துக்கு 80 கிலோபைட். 64 அகலத்துக்கு 5 மெகாபைட். நினைவகம்கூடப் பெரிதில்லை, சிக்கல் கலப்பதில். 30% டேபிளையும் 40% டேபிளையும் பாதிப்பாதி கலந்தால் 35% பல்ஸ் வராது, நடுவில் ஒரு படிக்கட்டு வைத்த அலைதான் வரும். எல்.எஃப்.ஓ. (இங்கே அகலத்தை ஆட்டும் தாழ்வேக அலை) மெதுவாக ஓடும்போது அது நன்றாகவே கேட்கும். அகலங்கள் 12.5, 25, 50, 75 என்று நிலையாக இருந்துவிட்டால் மட்டும் இந்த வழி சரி. பழைய கேம் கன்சோல் ஒலிக்கு அதுவே போதும்.

உருப்படியான வேவ்டேபிள் வழி வேறு. ஒரே ஒரு ரம்பப்பல் அலையை ஆக்டேவுக்கு ஒரு டேபிளாக வைத்துக்கொண்டு, அதை இரண்டு ஃபேஸில் படித்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. விளிம்பு உண்மையாகவே நகரும். ஆனால் ஹார்ட் சிங்க் (இன்னோர் ஆஸிலேட்டர் சுற்றை முடிக்கும்போதெல்லாம் இதன் ஃபேஸை 0-க்குத் திருப்புவது) வேண்டுமென்றால் ஃபேஸ் நடுவழியில் குதிக்கும். அந்தக் குதிப்புக்குத் தனியாகத் திருத்தம் எழுதியே ஆக வேண்டும். எப்படியும் அதை எழுதப் போகிறோம் என்றால் டேபிள் எதற்கு?

அந்தத் திருத்தம்தான் பாலிபிளெப். சாம்பிளுக்கு ஃபேஸ் நகரும் அளவைப் படி என்போம் (சுரம் ÷ சாம்பிள் ரேட்). ஃபேஸ் படியைவிடக் குறைவென்றால் த = ஃபேஸ் ÷ படி; திருத்தம் 2த − த² − 1. ஃபேஸ் (1 − படி)யைத் தாண்டினால் த = (ஃபேஸ் − 1) ÷ படி; திருத்தம் த² + 2த + 1. மற்ற இடங்களில் 0. இதை ஏறு விளிம்புக்குக் கூட்டி, இறங்கு விளிம்புக்கு (ஃபேஸ் + 1 − அகலம்) என்பதன் பின்னப் பகுதியை வைத்துக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன 45-ஆவது ஹார்மோனிக்கின் மடங்கல் இப்போது −33-லிருந்து சுமார் −101 டெசிபலுக்குப் போய்விடும். அடிப்படைச் சுரத்துக்குப் பக்கத்தில் விழும் குப்பையைத்தான் இது அதிகம் துடைக்கிறது, காதுக்கு உறுத்துவதும் அதுதான்.

கோளாறு வரும் இடங்கள் உண்டு. இரண்டு விளிம்புக்கும் "இதுவா, இல்லையென்றால் அதுவா" என்று கிளை பிரித்தால் குறுகிய பல்ஸில் ஒரு திருத்தம் விட்டுப்போய் கிளிக் வரும். எப்போதும் இரண்டையும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அகலத்தை 64 சாம்பிளுக்கு ஒருமுறை மாற்றினாலும் கிளிக்தான், ஏனென்றால் பழைய அகலத்துக்கும் புதியதற்கும் நடுவில் ஃபேஸ் மாட்டினால் திருத்தமே இல்லாத விளிம்பு பிறக்கும். சாம்பிளுக்குச் சாம்பிள் நகர்த்துங்கள். ஆடியோ வேகத்தில் அகலத்தை ஆட்டும்போது விளிம்பை ஃபேஸ் கடக்கும் வேகம் படி அல்ல, படியிலிருந்து அகலம் மாறிய அளவைக் கழித்த மீதி. இறங்கு விளிம்பில் அதை வைத்து வகுக்க வேண்டும். 10 முதல் 90% வரை ஆடும் 5 ஹெர்ட்ஸ் முக்கோண எல்.எஃப்.ஓ.வுக்கு, 100 ஹெர்ட்ஸ் சுரத்தில் வித்தியாசம் 8% அளவே, விட்டுவிடலாம்.

டி.சி.யை மறக்கக் கூடாது. அதன் அளவு 2 × அகலம் − 1. அகலம் 10-க்கும் 90-க்கும் இடையே ஆடினால் டி.சி. −0.8-க்கும் +0.8-க்கும் இடையே எல்.எஃப்.ஓ. வேகத்தில் ஆடும். காதுக்குத் தெரியாது, ஆனால் பின்னால் டிஸ்டார்ஷன் இருந்தால் ஒலி பம்மிப் பம்மி எழும். கழித்துவிடலாம், ஆனால் 10% அகலத்தில் உச்சம் 1.8-ஐத் தொடும், அதற்கு இடம் விட்டுவையுங்கள். ரம்பப்பல் கழித்தல் முறையில் டி.சி. தானாகவே 0, உச்சம் இதே 1.8.

பாலிபிளெப்புக்கு விலை மேல்தட்டில். 44,100-இல் 10,000 ஹெர்ட்ஸ் அருகே 1.5 டெசிபல், 15,000-இல் 3.4 டெசிபல் குறையும். நைக்விஸ்டை ஒட்டி மடங்குபவையும் அவ்வளவாக அடங்காது. 2 மடங்கு ஓவர்சாம்பிளிங் இங்கேதான் காசுக்குப் பிரயோஜனம். அதுவும் போதாதவர்களுக்கு 2001-இல் பிராண்ட் விவரித்த மின்பிளெப் இருக்கிறது: விளிம்புக்கு ஒருமுறை டேபிளிலிருந்து சில பத்து சாம்பிள்களை ரிங் பஃபரில் கூட்டும் முறை. மைக்ரோகன்ட்ரோலரில் மின்பிளெப்பா, 2 மடங்கு பாலிபிளெப்பா, எது வேகம் என்பது நினைவகத்தின் வேகத்தைப் பொறுத்தது. அந்தச் சிப்பிலேயே ஓட்டி அளக்காமல் அடித்துச் சொல்ல முடியாது.