எதிர்முனை யார் என்று பைத்தான் சாக்கெட்டிடம் கேட்டால்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு மொத்தக் கடை. கடைக்குள் நாலு பில்லிங் கவுண்டர், தச்சநல்லூர் குடோனில் ஒன்று, எல்லாம் 5000-ம் போர்ட்டில் (மெஷினுக்குள் எந்தப் புரோகிராம் என்று காட்டும் வாசல் எண்) கேட்கும் ஒரே சர்வரோடு பேசுகின்றன. பில் நின்றுவிட்டால் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி: "எந்த மிஷின்லே?" அந்தக் கேள்விக்குப் பதில் எடுக்க, பைத்தான் மொழியோடு காசில்லாமல் வரும் சாக்கெட் மாட்யூல் (சாக்கெட் என்பது நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை) எவ்வளவு உதவும் என்பதுதான் இந்த மதிப்புரை. மற்ற வசதிகளை இதில் தொடவில்லை.

முதலில் நல்லது. சி மொழியில் இதே வேலைக்கு 128 பைட் ஸ்டோரேஜ் ஒதுக்கி, அதன் அளவை ஒரு மாறியில் போட்டு, அந்த மாறியின் முகவரியை அனுப்ப வேண்டும். அளவைப் போட மறந்தால் வருவது குப்பை. போர்ட் எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசையிலிருந்து மெஷினின் வரிசைக்கு மாற்றாமல் அச்சிட்டால் 8080 என்பது 36895 என்று நிற்கும். முகவரியை எழுத்தாக மாற்றும் ஐநெட்-என்டிஓஏ-வை ஒரே பிரின்ட்எஃப்பில் இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே முகவரிதான் வரும், ஏனென்றால் அது ஒரே இடத்தில் எழுதி எழுதி அழிக்கிறது. பைத்தானில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட் இரண்டைத் திருப்பித் தரும்: புதிய சாக்கெட், எதிர்முனை முகவரி. 192.168.1.24, 51834 (முகவரி, போர்ட்) என்று படிக்கிற மாதிரியே கையில் விழும்.

பிறகு எப்போது வேண்டுமானாலும் கெட்பியர்நேம் கேட்டால் எதிர்முனை, கெட்சாக்நேம் கேட்டால் நம் முனை. இரண்டாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் வாடிக்கையாளர் எந்த வழியாக உள்ளே வந்தார் என்று அதுதான் காட்டும். ஆனால் அக்செப்ட் தந்த சாக்கெட்டில் கேட்க வேண்டும். காத்துக்கொண்டிருக்கும் சாக்கெட்டில் கேட்டால் 0.0.0.0 என்றுதான் வரும். சாக்கெட்டைப் போர்ட்டோடு பிணைக்கும் பைண்ட் செய்யும்போது போர்ட்டை 0 என்று கொடுத்திருந்தால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எந்த எண்ணைக் கொடுத்தது என்று அறியவும் இதுவே வழி.

சர்வரின் சொந்த முகவரி என்ன என்று அறிய ஹோஸ்ட்நேமை (மெஷினின் பெயரை) கேட்டு அதை முகவரியாக மாற்றும் பழக்கம் ஒன்று உண்டு. டெபியன், உபுண்டு லினக்ஸில் அது பெரும்பாலும் மெஷின் தன்னையே சுட்டும் 127.0.1.1 என்று சொல்லிக் கையை விரித்துவிடும். யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) சாக்கெட் ஒன்றைத் திறந்து, வெளியே உள்ள 8.8.8.8 போன்ற முகவரிக்குக் கனெக்ட் செய்து, கெட்சாக்நேம் கேட்பது மேல். யுடிபியில் கனெக்ட் செய்தால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. எந்த வழியில் போவது என்று கெர்னல் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். நெட் இணைப்பு படுத்திருந்தாலும் ரூட் (வெளியே போகும் பாதை) இருக்கும்வரை பதில் வரும்.

இனி குறைகள். ஐபிவி6-க்கு (புதிய, நீண்ட முகவரி முறை) மாறும் அன்று முதல் அடி விழும். ஐபிவி4 முகவரி இரண்டு உறுப்பு, ஐபிவி6 முகவரி நாலு. ஹோஸ்ட், போர்ட் என்று இரண்டு மாறியில் பிரித்து வாங்கும் வரி அங்கேயே வேல்யூ எரர் கொடுத்து நிற்கும். முதல் இரண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே சாக்கெட்டில் வாங்குகிற வசதி பைத்தான் 3.8-ல் கிரியேட்-சர்வரோடு வந்தது. அதைப் போட்டால் பழைய 192.168.1.24-க்கு முன்னால் இரண்டு கோலன், நாலு எஃப், மறுபடி ஒரு கோலன் ஒட்டிக்கொண்டு வரும். கவுண்டர் பட்டியலோடு ஒப்பிடும் வரி அதை அடையாளம் காணாது. ஐபிஅட்ரஸ் மாட்யூலில் கொடுத்து ஐபிவி4 பகுதியை மட்டும் எடுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் மோசம், ஏனென்றால் எரரே வராது. கெட்பியர்நேம் கம்பியில் யாரையும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. கெர்னல் குறித்து வைத்திருப்பதைப் படித்துச் சொல்கிறது. 3-ம் கவுண்டரில் கரண்ட் போய் மெஷின் அணைந்தால், போகிறேன் என்று சொல்லும் ஃபின் பாக்கெட் வராது. சர்வர் பக்கம் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டும், முகவரியும் சரியாக வரும். கீப்அலைவ் (எதிர்முனை இருக்கிறதா என்று கெர்னல் அவ்வப்போது சோதிப்பது) போட்டாலும் லினக்ஸில் முதல் சோதனைக்கே 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். கடைக்கு அது உதவாது. டிசிபி கீப்ஐடிலை (முதல் சோதனைக்கான காத்திருப்பை) 30 நொடிக்கும், இடைவெளியை 10-க்கும், முயற்சிகளை 3-க்கும் இறக்கினால், போன மெஷின் ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எதிர்முனை ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் பாக்கெட்) அனுப்பிவிட்டுப் போனால் கதை வேறு. அப்போது கெட்பியர்நேமே 107-ம் எரர் (இணைப்பு இல்லை) கொடுக்கும், விண்டோஸில் 10057. லாக் எழுதும் வரியே சர்வரைக் கவிழ்ப்பது இப்படித்தான். முகவரியை அக்செப்ட் ஆன உடனேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கனெக்ட் செய்யாத யுடிபி சாக்கெட்டிலும் அதே 107 வரும். அங்கே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரிசீவ்ஃப்ரம் தரும் முகவரிதான் கணக்கு.

முகவரிக்குப் பதில் பெயர் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று முகவரியைக் கொடுத்தால் பெயர் தேடும் கெட்ஹோஸ்ட்பைஅட்ரஸைச் சொருகுவது வீண் வேலை. 192.168 முகவரிகளுக்குப் பெயர் பதிந்து வைத்த டிஎன்எஸ் (பெயர்-முகவரிப் பதிவேடு) கடைகளில் இருப்பதில்லை. பதில் வராத டிஎன்எஸ்ஸுக்குச் சில நொடி காத்திருக்கும், ஒரு நேரத்தில் ஒரே வேலை பார்க்கும் ஒற்றைத் த்ரெட் சர்வர் என்றால் அந்த நேரம் முழுக்க எல்லாக் கவுண்டரும் உறையும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது கடைசி ரூட்டரின் முகவரியாக இருக்கலாம். குடோன் வேறு பிராட்பேண்டில் இருந்தால், அங்குள்ள ரூட்டரின் பொது முகவரிதான் தெரியும். ரூட்டரை அணைத்துப் போட்டால் அதுவும் மாறலாம். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் சிம் போட்டு டேட்டா அனுப்பும் லாகர்களுக்கு (அளவுகளைப் பதியும் கருவிகளுக்கு) இதைவிட மோசம். மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கான சாதனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்கலாம், லாகருக்குள்ளே பார்த்தால் 100.64-ல் தொடங்குவது போன்ற வேறொரு முகவரி இருக்கலாம். சர்வருக்கு முன்னால் அதே மெஷினில் என்ஜின்எக்ஸ் (இணைப்புகளை வாங்கிக் கைமாற்றிவிடும் இடைத்தரகர் புரோகிராம்) வைத்தால் எல்லாரும் 127.0.0.1 ஆகிவிடுவார்கள். அங்கே பிராக்ஸி புரோட்டகாலை (உண்மை முகவரியை இணைப்பின் தொடக்கத்தில் சொல்லும் முறை) இரண்டு பக்கமும் இயக்கினால்தான் உண்மை முகவரி வரும். இதற்கு மாட்யூலைக் குறை சொல்லி லாபமில்லை, கெர்னலுக்கே தெரியாததை அது எங்கே போய்ச் சொல்லும்?

சரிபார்க்க லினக்ஸில் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை போதும். டி, என், பி மூன்று எழுத்தையும் சேர்த்து, சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். சூடோ இல்லாவிட்டால் மற்ற யூசரின் புரோகிராம் பெயர் வராது. இடப்பக்கம் நம் முகவரி, வலப்பக்கம் எதிர்முனை. லாக்கில் இருக்கிற போர்ட் எண் இங்கேயும் இருக்க வேண்டும். டாக்கருக்குள் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓட்டும் கருவி) சர்வர் ஓடினால் வெளியே இருந்து பார்க்கும்போது காணாது, அந்தக் கன்டெய்னரின் நெட்வொர்க்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் என்றால் நெட்ஸ்டாட்டில் ஏ, என், ஓ.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். கடைக்குள் தவறு தேட இதைவிட எளிதான கருவி தேவையில்லை, ரூட்டரில் ஒவ்வொரு மெஷினின் மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அண்ணாச்சியின் கேள்விக்கு உடனே பதில் உண்டு. பில் எந்தக் கவுண்டருடையது என்று கணக்கில் எழுத மட்டும் இதை எடுக்காதீர்கள். இணைப்பு கிடைத்ததும் கவுண்டர் எண்ணையும் அதற்குரிய ரகசியச் சாவியையும் கிளையன்டே முதல் வரியில் அனுப்பட்டும். முகவரி அதன் பக்கத்தில் லாக்கில் கிடக்கட்டும்.