கிளிநொச்சியில் கிடைக்கும் கினிப்பன்றித் தீன்: வாங்கலாமா?

சந்தையடிக் கடையொன்றில் ஒரு கிலோப் பொலித்தீன் பையில் கட்டி விற்கிறார்கள். ஒட்டியிருப்பது கினிப்பன்றிப் படம், உள்ளே இருப்பது முயல் தீன். தரம் மோசமில்லை. ஒரு குச்சியை உடைத்தால் புல் நார் தெரிகிறது, மாவாய் உதிரவில்லை.

குறை விற்றமின் சியில். அந்தீஸ் மலைப் பிராணியான கினிப்பன்றியின் உடம்பில், எங்களைப் போலவே, அது உற்பத்தியாகாது. அதன் பெரிய சொந்தக்காரன் கப்பிபாராவுக்கும் இதே கதிதான். முயலுக்கு அந்தக் கவலை இல்லாததால் முயல் தீனில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கினிப்பன்றிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். இல்லாவிட்டால் சில கிழமையில் மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், முரசில் இரத்தம் கசியும். சேர்த்த தீனென்றாலும் சூட்டில் சத்துப் போய்விடும். இந்தப் பையிலோ உற்பத்தித் திகதியே இல்லை.

வாங்குங்கள், ஆனால் ஒரு பிராணிக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வயிற்றை நிரப்ப வேண்டியது புல். வாய்க்கால் கரையில் கினிப்புல் சும்மா கிடக்கிறது (மருந்தடித்த வயல் வரம்பில் வெட்டாதீர்கள்). ஓயாமல் வளரும் பல்லைத் தேய்ப்பதும் அந்தப் புல்தான். விற்றமினுக்குச் சிறு கொய்யாத் துண்டு போதும். தண்ணீரில் கரைக்கும் துளிமருந்து வீண் செலவு, விரைவில் சிதைந்துவிடும்.

கூடவே தள்ளிவிடப் பார்க்கும் கம்பித்தளக் கூட்டை மட்டும் வாங்காதீர்கள். உள்ளங்கால் புண்ணாகிவிடும்.